கியர் தடியில் பூட்டிய சுவிட்ச்

இனி ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன் என்று என் மனைவி காருக்குள் வைத்துத்தான் சொன்னாள். என்ஜின் போட்ட சத்தத்தில் எனக்கு முதலில் கேட்கவில்லை. காரை ஓரமாக நிற்பாட்டினேன். அவள் கதவைத் திறந்து குனிந்து சத்தி எடுத்தாள். வாயைத் துடைத்துவிட்டுத் திரும்பவும் சொன்னாள்.

"நான் இனி வரேல்லை. என்னை வீட்டில விடுங்கோ."

அவளுக்கு இரண்டு சிறுநீரகமும் பழுது. எங்கள் பக்கத்தில் அந்த வருத்தம் கன பேருக்கு இருக்கிறது. கிணத்துத் தண்ணி என்கிறார்கள். வயலுக்கு அடிக்கிற மருந்து என்கிறார்கள். எது என்று எங்களுக்குத் தெரியாது. கிழமைக்கு இரண்டு தரம் வவுனியா ஆஸ்பத்திரிக்குப் போய் மெசினில் படுக்க வேண்டும். ரத்தத்தை வெளியே எடுத்து, கழுவி, திரும்ப உள்ளே விடுவார்கள். போகாவிட்டால் ஆள் கன நாள் இராது. அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

எங்கள் வீடு மாங்குளத்தில் இருந்து உள்ளுக்குப் போகிற கிறவல் மண் றோட்டில். அங்கிருந்து வவுனியா தூரம். போகும்போது அவள் சமாளிப்பாள். மெசினில் கிடந்து எழும்பின பிறகு வரும் பயணம்தான் அவளை வாட்டும். தலையிடி, கால் நரம்பு இழுவை, சத்தி. அதோடு என் காரின் சத்தமும் நடுக்கமும்.

அது என்னைவிட வயது கூடின இங்கிலாந்துக் கார். ஒரு நெல் ஆலைக்காரரின் பின்வளவில் கோழி அடைகிற கூடாக நின்றது. நான் முந்தி லொறி ஓடினவன். மிதிவெடியில் இடது கால் முழங்காலுக்குக் கீழே போன பிறகு லொறி ஓட ஒருவரும் கூப்பிடவில்லை. அந்தக் காரை எடுத்துக் கழுவி ஓட வைத்தேன். கலியாண வீடுகளுக்கு மாப்பிள்ளையை ஏற்றப் போகும். மற்ற நாளில் சும்மா நிற்கும். அவளுக்கு வருத்தம் வந்த பிறகு ஆஸ்பத்திரிக்கு மட்டும்தான் ஓடியது.

பழைய கார் என்றால் கொஞ்சம் வேகம் எடுத்தாலே என்ஜின் கத்தும். மெதுவாகப் போனால் வெயிலில் கூடுதல் நேரம் அவள் கிடந்து வேக வேண்டும். விரைவாகப் போனால் சீற் அதிரும், கண்ணாடி அதிரும், அவள் பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பாள். வான் பிடித்துப் போக எங்களுக்குக் கட்டாது. அன்றைக்கு அவள் சொன்னபடி வீட்டில் கொண்டுபோய் இறக்கினேன். அடுத்த நாள் காரை மாங்குளத்துக் கராஜுக்குக் கொண்டு போனேன். என்ன செய்யலாம் என்று தெரிந்து போகவில்லை. கியர்பொக்ஸில் எண்ணெய் ஒழுகியது. அதைச் சாட்டிப் போனேன்.

கராஜ்காரன் வாயாடி. காருக்குக் கீழே போய்ப் படுத்தவன் கன நேரம் வெளியே வரவில்லை. பிறகு கீழேயிருந்தே கேட்டான்.

"அண்ணை, உங்கட காருக்குக் கியர்பொக்ஸ் முடிஞ்ச பிறகும் பின்னால ஒரு பெட்டி இருக்கு. என்னெண்டு தெரியுமோ?"

தெரியாது என்றேன்.

"இவ்வளவு காலமும் ஒரு கியரைச் சும்மா காவிக்கொண்டு திரிஞ்சிருக்கிறியள். சமைக்கத் தெரிஞ்சவளைக் கட்டிப்போட்டுக் கடையில சாப்பிட்ட மாதிரி."

வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டு விளங்கப்படுத்தினான். அதற்குப் பேர் ஓவர்ட்ரைவ். நாலாம் கியருக்கு மேலே இன்னொரு கியர் என்று வைத்துக்கொள்ளலாம். அதைப் போட்டால் கார் அதே வேகத்தில் ஓடும், என்ஜின் மட்டும் குறைவாகச் சுற்றும். சத்தம் விழும், நடுக்கம் விழும். கிளச் மிதிக்கவும் தேவையில்லை, சுவிட்சைத் தட்டினால் கரண்டில் மாறும் என்றான். என் காலைப் பார்த்துக்கொண்டுதான் அதைச் சொன்னான். கிளச் மிதிப்பது இடது கால். பொய்க்கால் போட்டு மிதித்து மிதித்து வெட்டின இடம் புண்ணாகி ஆறி, திரும்பப் புண்ணாகும். அவனுக்கு அது தெரியும்.

ஆனால் சுவிட்சும் இல்லை, வயரும் இல்லை. சண்டைக் காலத்தில் யாரோ உருவி எடுத்திருக்கிறார்கள். அப்போது எங்களிடம் கரண்ட் கிடையாது. சைக்கிள் டைனமோவைச் சுற்றித்தான் ரேடியோ கேட்போம். ஒரு முழம் வயர் கிடந்தாலும் எடுத்து வைப்போம். ஓடாமல் நிற்கிற காருக்குள் வயரை விட்டுவைக்க யாருக்கும் மனம் வந்திராது. நானே கண்டிருந்தாலும் எடுத்திருப்பேன்.

அந்தப் பெட்டியின் பக்கத்தில் ஒரு சின்னத் தகரப் பேணி மாதிரி ஒன்று. கரண்ட் வந்தால் அதுதான் உள்ளே இழுத்து கியரைப் போடுமாம். பற்றரியில் இருந்து இரண்டு வயரை நேரே கொண்டுவந்து தொட்டான். டொக் என்று ஒரு சத்தம். எடுத்தான். திரும்பத் தொட்டான். டொக்.

"உயிர் இருக்கு அண்ணை," என்றான்.

இரண்டு நாள் வேலை. உடைந்த மோட்டார் சைக்கிள் ஒன்றின் ஹாண்டிலில் இருந்த லைட் சுவிட்சைக் கழற்றி, என் கியர் தடியின் தலைக்குக் கீழே இறுக்கினான். பெருவிரலால் தட்டலாம். ஓட்டோ ஹோர்னுக்குப் போடுகிற ரிலே ஒன்று, ஒரு பியூஸ், புது வயர். சுவிட்ச் போட்டிருக்கிறதா இல்லையா என்று தெரிய ஒரு சின்னச் சிவப்பு பல்ப்பும் ஸ்டேரிங்குக்குப் பக்கத்தில் வைத்தான். பகல் வெயிலில் அது தெரியாது. கையால் பொத்திப் பார்க்க வேண்டும்.

எல்லாம் முடித்துவிட்டு ஒன்று சொன்னான். கியர்பொக்ஸின் மேலே இன்னொரு சுவிட்ச் இருந்திருக்க வேண்டும். மேல் கியரில் இருந்தால் மட்டும் கரண்டை விடும், பின்னுக்கு எடுக்கும்போது தானாக வெட்டிவிடும். அதுவும் இல்லை. அந்த ஓட்டையை யாரோ ஒரு போல்ட் போட்டு அடைத்திருந்தார்கள். அப்படியான ஒன்றைக் கொழும்பில் தேடினாலும் எடுக்க ஏலாது என்றான்.

"அதால நீங்கள்தான் பாக்கவேணும். முன்னுக்கு ஓடேக்க மட்டும் போடுங்கோ. சுவிட்ச் ஓனில இருக்கேக்க பின்னால எடுத்தியளோ, உள்ளுக்க இருக்கிறது முழுக்க நொருங்கிப்போம். நாங்கள் பின்னால எடுத்து விடுற சனம். கவனம்."

அவன் சொன்னது உண்மை. எங்கள் ஊரில் எந்த வளவுக்குள்ளும் போய்ப் பாருங்கள். கார், வான், ட்ராக்டர், மோட்டார் சைக்கிள் எல்லாம் வாசல் படலையைப் பார்த்தபடி நிற்கும். முகத்தை உள்ளே விட்டு நிற்பாட்டுகிற ஆட்கள் இல்லை. இடம்பெயர்ந்து ஓடின காலத்தில், உள்ளே பார்த்து நின்ற வாகனத்தைத் திருப்ப இடம் இல்லாமல் விட்டுவிட்டு ஓடின ஆட்கள் இருந்தார்கள். ஷெல் விழத் தொடங்கின பிறகு பின்னால் எடுத்துத் திருப்ப நேரம் கிடைக்காது. அந்தப் பழக்கம் கையில் ஏறிவிட்டது. இப்போது ஓட வேண்டியதில்லை. ஆனாலும் ஆஸ்பத்திரி, கோயில், சாவீடு எங்கே போனாலும் பின்னால் எடுத்துத்தான் விடுவோம்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். காரைச் சரிப்படுத்தியிருக்கிறேன், ஒருக்கால் ஏறிப் பார் என்றேன். அவள் ஏறினாள். ஏ-9 வீதியில் புளியங்குளம் வரைக்கும் போனோம். நாலாம் கியரில் வைத்து என்ஜின் கத்தத் தொடங்கும்போது சுவிட்சைத் தட்டினேன். சத்தம் அப்படியே இறங்கியது. சீற் அதிரவில்லை. ஜன்னலால் வருகிற காற்றின் சத்தம் அன்றைக்குத்தான் அந்தக் காருக்குள் கேட்டது.

அவள் திரும்பி வரும்போது சொன்னாள்.

"அருவி வெட்டு மட்டும் வாறன். அதுக்குப் பிறகு என்னைக் கேக்கக் கூடாது."

அருவி வெட்டு என்றால் நெல் வெட்டுக் காலம்; அதுவரைக்கும்தான் வருவாள். அப்போதுதான் எங்கள் வயலில் விதைத்து முளை வந்திருந்தது. வெட்ட இன்னும் மாதங்கள் கிடந்தன. நான் ஓம் என்றேன். வேறு என்ன சொல்வது. அதற்குள் மனம் மாறுவாள் என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு அவள் ஒழுங்காக வந்தாள். திரும்பி வரும்போது சில நாள் நித்திரை கொள்வாள். தலை ஜன்னலில் சாயும். சத்தி எடுப்பது நிற்கவில்லை, குறைந்தது. என் காலும் ஆறியது. ஆஸ்பத்திரிப் படலை வந்ததும் அவள், "ஓஃப் செய்யுங்கோ," என்று சொல்வாள். நான் முந்தியே செய்திருப்பேன். ஆனாலும் சொல்வாள்.

நெல் பால் பிடித்த நேரம் என் கால் திரும்பப் புண்ணாகியது. இந்த முறை கிளச்சால் இல்லை. மழைக்குள் வரம்பில் நின்றதால். வீங்கி, பொய்க்கால் போட ஏலாமல் போய்விட்டது. அன்றைக்கு மெசினுக்குப் போகிற நாள். அவளுடைய தம்பியைக் கூப்பிட்டேன்.

அவன் வட்டக்கச்சியில் இருக்கிறான். சொந்த ட்ராக்டர், உழவுக்கு ஓடுவான். தாய் தகப்பன் இல்லாமல் அக்காவின் கையில் வளர்ந்தவன். கூப்பிட்டால் எந்த வேலையையும் போட்டுவிட்டு வருவான். அன்றைக்கு விடியவே வந்து, குசினிக்குள் போய் அக்காவிடம் தேத்தண்ணி வாங்கிக் குடித்துவிட்டுக் காரைச் சுற்றிப் பார்த்தான்.

"அத்தான், இதைப் பழஞ்சாமான் வைக்கிற நூதனசாலையில குடுத்தா உங்களையும் சேத்து வைப்பாங்கள்," என்றான்.

நான் அவனுக்குச் சுவிட்சைக் காட்டினேன். எப்போது போடுவது, எப்போது எடுப்பது என்று சொன்னேன். பின்னால் எடுக்கும்போது போட்டிருக்கக் கூடாது என்றும் சொன்னேன். ஓம் ஓம் என்றான். ட்ராக்டரே தன் சொல்லுக் கேட்கும், இது கேட்காதோ என்று அக்காவைப் பார்த்துக் கேட்டான். அவள் சிரித்தாள்.

நான் பின் சீற்றில் ஊன்றுகோலோடு இருந்தேன். அவன் நன்றாகத்தான் ஓடினான். ஏ-9 வீதியில் ஏறினதும் சுவிட்சைத் தட்டினான். கார் அமைதியாகியதும் தலையை ஆட்டிக்கொண்டான். அன்றைக்கு அவளுக்குச் சுகமில்லை. முகம் ஊதியிருந்தது. கண்ணை மூடிக்கொண்டு வந்தாள். ஆஸ்பத்திரி வாசலில் இறங்கக் கை பிடிக்க வேண்டியிருந்தது. நான் ஒரு பக்கம் ஊன்றுகோல், ஒரு பக்கம் அவள். காரை மரத்துக்குக் கீழே விட்டுவிட்டு வா என்று அவனுக்குச் சொன்னேன். நாங்கள் உள்ளே போனோம்.

அவளை மெசினில் போட்டுக் கொஞ்ச நேரத்தில் அவன் வந்தான். வெளியே மர வாங்கில் எனக்குப் பக்கத்தில் இருந்தான். காரை விட்டாயோ என்று கேட்டேன். விட்டேன் என்றான். அவ்வளவுதான். அவள் மெசினில் கிடந்த நேரம் முழுக்கத் தரையைப் பார்த்துக்கொண்டு இருந்தான். அவள் எழும்பி வந்து வாங்கில் இருந்த பிறகுதான் வாயைத் திறந்தான்.

"அத்தான், கார் அசையேல்லை."

அவன் பின்னால் எடுத்திருக்கிறான். மரத்துக்குக் கீழே, றோட்டைப் பார்த்து, எல்லாரும் விடுகிற மாதிரி. சுவிட்ச் ஓனில். இரும்பு முறிகிற சத்தம் கேட்டதாம். அதற்குப் பிறகு முன்னுக்கும் போகவில்லை, பின்னுக்கும் போகவில்லை. நான் போய்ப் பார்த்தேன். பாதி மரத்துக்குக் கீழே, பாதி வழியில் நின்றது; வந்த அம்புலன்ஸ் அதைச் சுற்றித்தான் போனது. ஆட்கள் சேர்ந்து தள்ளினோம். சில்லு உருளவில்லை. பின்பக்கத்தை ஜாக்கில் தூக்கித்தான் இழுத்தார்கள்.

நாங்கள் பஸ்ஸில் வந்தோம். நிறையச் சனம். ஒரு பிள்ளைத்தாச்சிப் பெண் எழும்பி அவளுக்கு இடம் விட்டாள். அவள் மாட்டேன் என்றாள், பிறகு இருந்தாள். ஓமந்தை தாண்டினதும் பொலித்தீன் சொப்பின் பாக் ஒன்றுக்குள் சத்தி எடுத்தாள். தம்பி அதை வாங்கிக் கையில் பிடித்துக்கொண்டு மாங்குளம் மட்டும் நின்று வந்தான். எறியச் சொல்லியும் எறியவில்லை.

காரைக் கட்டி இழுத்து வந்து கராஜ்காரன் திறந்து பார்த்தான். பகிடி விடவில்லை. எண்ணெய்க்குள் இரும்புத் துண்டுகள் கிடந்தன. ஒன்றை எடுத்து என் கையில் வைத்தான். பல்லு மாதிரி இருந்தது. இந்தச் சாமான் இனி எடுக்க ஏலாது அண்ணை என்றான். சாதாரணக் கியர்பொக்ஸ் எங்கேயாவது கிடைத்தால் போடலாம், பார்ப்போம் என்றான். கிடைக்கவில்லை.

தம்பி ஒவ்வொரு நாளும் வந்தான். எங்கள் வீட்டு வேலியைச் சும்மா திருத்தினான். நல்லாக இருந்த வேலி. அக்காவின் முகத்தைப் பார்த்துக் கதைக்கமாட்டான். சாப்பிடக் கூப்பிட்டால் சாப்பிட்டுவிட்டேன் என்பான்.

அடுத்த மெசின் நாளுக்கு முதல் நாள் பின்னேரம் வந்தது. அருவி வெட்டுக்கு இன்னும் கொஞ்ச நாள் கிடந்தது. ஆனால் பஸ்ஸில் வா என்று எனக்குக் கேட்க வாய் வரவில்லை. அவள் தானே பையை எடுத்து, சீலையை மடித்து வைத்தாள்.

"பஸ் எத்தினை மணிக்கு?" என்றாள்.

நான் சொன்னேன்.

நெல் வெட்டுகிற மெசின் வயலுக்குள் இறங்கினது. நெல்லு வந்தது. மூட்டை கட்டினோம். அவள் சொன்ன தவணை முடிந்துவிட்டது. அவள் அதைப் பற்றிக் கதைக்கவில்லை. அடுத்த மெசின் நாளும் பையை எடுத்தாள். நான் அவள் மனம் மாறிவிட்டாள் என்று நினைத்தேன். சந்தோசப்பட்டேன் என்றுகூடச் சொல்லலாம். ஆனால் அவளைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. பஸ்ஸில் போய் வந்தால் அடுத்த நாள் முழுக்கப் படுக்கையில் கிடப்பாள். எழும்பினால் அடுத்த பயணம். அவளுக்கு நடுவில் நாள் என்று ஒன்று இல்லாமல் போய்விட்டது.

ஒரு நாள் கேட்டுவிட்டேன். இருவரும் வீட்டுக்கு முன்னால் உள்ள ஓலை மாலில் இருந்தோம். தம்பி வெளியே கிணத்தடியில் வாழைக்குப் பாத்தி கட்டிக்கொண்டிருந்தான்.

"அருவி வெட்டு மட்டும் எண்டனீ," என்றேன்.

அவள் கிணத்தடிப் பக்கம் பார்த்தாள்.

"இப்ப நிப்பாட்டினா அது அவன்ர தலையில விழும். காரை உடைச்சு அக்காவைச் சாக விட்டனான் எண்டு சாகுமட்டும் நினைப்பான். கொஞ்சக் காலம் போகட்டும். நான் இருக்குமட்டும் அவனுக்குச் சொல்லிப்போடாதேங்கோ."

சொல்லவில்லை.

அவள் எதிர்பார்த்ததைவிடக் கூடக் காலம் போனது. வெயில் காலம் முழுக்கப் போனாள். சிறுபோக நெல்லும் வெட்டி முடிந்தது. பஸ் படியில் ஏறக் கால் தூக்க ஏலாமல் வந்தபோது தம்பியும் கொண்டக்டரும் தூக்கி ஏற்றினார்கள். மழை தொடங்கின மாதம் மெசினிலேயே பிரசர் இறங்கியது. வார்ட்டுக்கு மாற்றினார்கள். மூன்றாம் நாள் விடியப்புறம் போய்விட்டாள். தம்பி கதிரையில் இருந்து நித்திரையாகியிருந்தான். நான்தான் தட்டி எழுப்பினேன்.

எட்டாம் நாள் படையலான எட்டுச் செலவு முடிந்த அன்று பின்னேரம், வாடகைக்கு எடுத்த கதிரைகளைத் தம்பி ட்ராக்டர் பெட்டியில் ஏற்றிக்கொண்டிருந்தான். நான் கீழே நின்று எடுத்துக் கொடுத்தேன். நடுவில் நிறுத்திவிட்டு, பெட்டியின் விளிம்பில் இருந்தான்.

"அண்டைக்கு நான் நேர முன்னால கொண்டுபோய் விட்டிருந்தா, அக்கா இண்டைக்கு இருந்திருப்பா."

நான் அவனுக்குச் சொன்னேன். கார் நல்லாக ஓடின காலத்திலேயே அக்கா நிற்பாட்டப் பார்த்தவள், நெல் வெட்டு மட்டும்தான் வருவேன் என்று தவணை வைத்தவள், அதற்குப் பிறகும் மெசினுக்குப் போனது உனக்காகத்தான் என்று சொன்னேன். கார் உடைந்திராவிட்டால் அவள் நெல் வெட்டோடு நிற்பாட்டி மாசிக்கே போயிருப்பாள்.

அவன் கேட்டுக்கொண்டு இருந்தான். பிறகு இல்லை என்று தலையை ஆட்டினான்.

"என்ர மனம் ஆறவெண்டு சொல்லுறியள் அத்தான்."

"நான் ஆரின்ர மனமும் ஆற ஒண்டும் சொல்லுறேல்லை. உனக்குத் தெரியும்."

அவன் மிச்சக் கதிரைகளை ஏற்றினான். கயிறு போட்டுக் கட்டினான். போய்விட்டான்.

நாலு நாள் அவனைக் காணவில்லை. ஐந்தாம் நாள் காலமை வந்தான். நான் முற்றம் கூட்டிக்கொண்டிருந்தேன். ஊன்றுகோலோடு கூட்டுவது கஷ்டம். அவன் விளக்குமாறை வாங்கவில்லை. எனக்கு முன்னால் வந்து நின்றான்.

"அக்கா அப்பிடித்தான் சொன்னவாவோ?"

"ஓம்."

"எப்பிடிச் சொன்னவா? அவா சொன்ன மாதிரியே சொல்லுங்கோ."

சொன்னேன். ஒரு சொல்லும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. அவன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். திரும்ப ஒருக்கால் சொல்லச் சொன்னான். சொன்னேன்.